பம்புக்காரரும் முனீஸ்வரன் சேவலும்

விழுப்புரம் ஜங்ஷனில் தண்ணீர் கிடைக்காமல் திரும்பிப்போன எஞ்சின் ஒன்றுகூடக் கிடையாது. அதே ஜங்ஷனில், பம்புக்காரர் கையால் அடை வைத்து உருப்பட்ட சேவலும் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டுக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. முதல் விஷயத்தைப் பற்றி ரயில்வேயில் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். இரண்டாவது விஷயத்தைப் பற்றி விழுப்புரமே பேசும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி பெரிய ஸ்டேஷன் மாஸ்டரிலிருந்து பிளாட்பாரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்கும் கிழவி வரைக்கும் எல்லோருக்கும் அவர் பம்புக்காரர்தான். யார்டு கோடியில் ஒரு பெரிய கிணறு, அதன் பக்கத்தில் பம்பு ஹவுஸ், அதற்குள் ஒரு பாய்லர். அந்தப் பாய்லருக்குக் கரி போட்டு, கிணற்றுத் தண்ணீரை உயரத்திலிருக்கும் தொட்டிக்கு ஏற்றுவது அவர் வேலை. தனுஷ்கோடி போகிற மெயிலும் சரி, பாண்டிச்சேரி போகிற சில்லறை வண்டியும் சரி, அவர் ஏற்றிய தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போகும். அரைக்கால் காக்கி நிஜார், தோளில் துண்டு, கரியும் மீசையும் ஒன்றாகக் கலந்துபோன முகம்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்த வருஷங்களில் நான் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக விழுப்புரத்துக்கு வந்தேன். கல்யாணமாகாத பையன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு கிடைத்தது. பக்கத்து வீடு பம்புக்காரருடையது. நடுவில் ஒரு முள்வேலி. வந்த சில நாளிலேயே அவர் எனக்கு மாமாவாகவும், அவர் சம்சாரம் அஞ்சலை எனக்கு அத்தையாகவும் ஆகிவிட்டார்கள். அத்தை வைத்த குழம்பு முள்வேலியைத் தாண்டி வராத நாளே கிடையாது. வேலியின் உயரம் ஒரு சட்டி கைமாறுவதற்கென்றே அளவெடுத்து வைத்தது மாதிரி இருக்கும்.

கோழிக் கிறுக்கு அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஏழுமலை. சந்தைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனவன், பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்பது வரைக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அத்தை அழுது தீர்த்தாள். பம்புக்காரர் அழவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சொந்த ஊரான கெடாருக்குப் போனார். ஊர் எல்லையில் இருக்கும் முனீஸ்வரன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டார். "எம் புள்ள முழுசா வூடு வந்து சேரணும். எங்க வூட்டுலயே பொரிச்சு, எங்க வூட்டுலயே வளந்த சேவல் ஒண்ணு உனக்கு."

இதில்தான் தப்புப் பண்ணினார். சும்மா 'ஒரு சேவல்' என்று வேண்டியிருந்தால் திண்டிவனம் சந்தையில் ஒன்றைப் பிடித்து அன்றைக்கே காரியத்தை முடித்திருக்கலாம். ஏன் மாமா இப்படி வம்பில் மாட்டிக்கொண்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"சந்தைல வாங்கிக் குடுக்கறதுல இன்னா தம்பி கீது? நாம கஷ்டப்பட்டாத்தானே அவருக்கும் தெரியும்?"

"சரி, ஏழுமலை வந்த பிறகுதானே சேவல்? இப்போதே ஏன் இவ்வளவு அவசரம்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கூட்ஸ் ஷெட்டுல வேல செய்ற, இதுகூடத் தெரியலியே. லைன் கிளியர் குடுக்காம எந்த வண்டி கெளம்பும்? இங்க வாசல்ல சேவல் நின்னாத்தான் அங்க முனீஸ்வரன் காவலுக்குப் போவாரு. அது வரைக்கும் எம் புள்ள தனியாத்தான நின்னுகினு கீறான்?"

இதைக் கேட்ட பிறகு அவருடைய கோழி விவகாரங்களில் எனக்கு முழுச் சிரிப்பு வந்ததே இல்லை. பாதிச் சிரிப்பு நிறைய வந்தது.

முதல் அடைக்கோழி கெடாரில் இருந்த அத்தையின் தங்கை வீட்டுக் கோழி. வாரத்துக்குக் கொடுத்தாள். அதாவது கோழி அவளுடையது, வளர்க்கிற பாடு இவர்களுடையது, பொரிக்கிற குஞ்சு ஆளுக்குப் பாதி. பொரிக்காத குஞ்சைப் பாதியாகப் பங்கு போட முடியாதாகையால் அக்கா தங்கைக்குள் கடைசி வரை சண்டையே வரவில்லை.

அடை வைக்கும்போது கூடையில் மணல் பரப்பி, அதில் ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் போட்டு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகப் போய்விடும், இரும்பு இருந்தால் இடி தாக்காது என்பது நம்பிக்கை. பம்புக்காரருக்கு ஆணியில் திருப்தி இல்லை.

"ஆணியெல்லாம் ஊருல இடிக்கிற இடிக்கு. இது ஜங்ஷன். இங்க இடிக்கிறதே வேற" என்று சொல்லி, தண்டவாளத்தை இணைக்கிற ஃபிஷ்பிளேட் ஒன்றை யார்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து கூடையில் வைத்தார். அதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். கோழி பாவம், முட்டையை அலகால் புரட்டிவிடுகிற போதெல்லாம் ஒவ்வொன்றாக அந்த இரும்பில் முட்டி உடைந்தது. அந்த மாதம் விழுப்புரத்தில் இடியே இடிக்கவில்லை.

அடுத்த அடையில் ஃபிஷ்பிளேட் இல்லை. ஆனால் முட்டை கெட்டுப்போனது. பம்புக்காரர் தீர யோசித்து, ஷண்டிங்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். நாள் முழுக்க வேகன்கள் ஒன்றோடொன்று டமால் டமால் என்று மோதிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் கரு கலங்காதா? அடுத்த கோழியை உட்கார வைத்த கையோடு ஷண்டிங் எஞ்சின் டிரைவரிடம் போனார்.

"டிரைவர் சார், கொஞ்ச நாளைக்கு மெதுவா மோதுங்க. வூட்டுல அடை வச்சிகீது."

"வேகன் இன்னா பஞ்சு மூட்டையாய்யா, மெதுவா மோத? போய் வேலயப் பாரு."

"சரிங்க சார். நான் போய் என் வேலயப் பாக்கறேன்" என்று மரியாதையாகத் திரும்பினார்.

மறுநாள் ஷண்டிங் எஞ்சின் தண்ணீர் பிடிக்க வந்து நின்றது. குழாயில் தண்ணீர் ஒரு நூலாக வந்தது. எஞ்சின் நின்றது நின்றபடி நிற்க, பின்னால் வேகன்கள் குவிய, ஸ்டேஷன் மாஸ்டர் பம்பு ஹவுஸுக்கு ஓடி வந்தார். "யோவ், ஜங்ஷன உன் கோழிக்காகவாய்யா கட்டி வச்சிருக்கு?" என்று கத்தினார். பம்புக்காரர் பாய்லரைப் பார்த்துக்கொண்டே, "பிரஷர் ஏற மாட்டேங்குதுங்க. அதுக்கும் மனசு சரியில்ல போல" என்றார்.

சமரசம் ஆயிற்று. அந்த அடை முடிகிற வரைக்கும் விழுப்புரம் யார்டில் வேகன்கள் கல்யாணப் பெண்ணைக் கைபிடித்து அழைத்து வருவதுபோல அவ்வளவு பதவிசாக ஒன்றோடொன்று சேர்ந்தன. அப்படியும் முட்டை அத்தனையும் கூமுட்டை. நாற்றம் கூட்ஸ் ஷெட் வரைக்கும் வந்தது. நான் விசாரிக்கப் போனபோது பம்புக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சத்தத்துலயே பழகின கோழி தம்பி. திடீர்னு நிறுத்துனதுல பயந்துட்டுது."

அடுத்த கோழி பாதியில் அடையைக் கலைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டது. அதை யாராலும் திரும்ப உட்கார வைக்க முடியவில்லை. முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன. பம்புக்காரர் அந்தக் கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு பம்பு ஹவுஸுக்கு ஓடினார். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு திட்டு உண்டு. அதில் கூடையை வைத்து, முட்டைகளைச் சுற்றி உமியைக் கொட்டி மூடினார். வேளா வேளைக்கு முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துச் சூடு பார்த்தார். சூடு கூடினால் கரியைக் குறைத்தார், குறைந்தால் கூட்டினார். பெற்ற தாய்கூடத் தொட்டிலை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு முட்டையைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே சத்தம் கேட்கிறதென்று என்னையும் கேட்கச் சொன்னார். எனக்குப் பாய்லர் சத்தம்தான் கேட்டது. ஆனாலும் கேட்கிறது என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவர் காய்ச்சல் வந்து படுத்தார். அன்றைக்குப் பட்டாளத்து ஸ்பெஷல் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எல்லா எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டும். மாற்றாள் பாய்லர் வாய் கொள்ளும் மட்டும் கரியை அள்ளிப் போட்டான். பம்புக்காரர் காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்தபோது முட்டை அத்தனையும் பதமாக வெந்திருந்தது. எஞ்சின் துடைக்கிற ஆட்கள் சுற்றி உட்கார்ந்து உப்பும் மிளகும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அடை வைக்கச் சொன்னா அவிச்சு வச்சிட்டு வந்துகீற!" என்று அத்தை கத்தினாள். "ஏழுமல வந்ததும் எஞ்சின்காரனுவளக் கூட்டிக்கினு போய் முனீஸ்வரன் முன்னால நிக்க வை. துன்னவனுங்களே வேண்டுதலத் தீத்துட்டுப் போவட்டும்!"

அவர் காய்ச்சலோடு பிளாட்பாரத்துக்குப் போனார். பட்டாளத்து வண்டி நிற்கிற போதெல்லாம் அவர் அப்படிப் போவார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஜன்னல் ஜன்னலாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே நடப்பார். வண்டி நகர்ந்ததும் பம்பு ஹவுஸுக்குத் திரும்பிவிடுவார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஒரு வழியாக ஒரு அடையில் குஞ்சு பொரித்தது. சந்தே கொண்டாடியது. குஞ்சுகளுக்குத் தீனியாகக் கேப்பை நொய் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் பருந்து என்று ஒன்று இருக்கிறதே! இரண்டு நாளைக்கு ஒன்றாகக் குஞ்சு குறைந்தது. பம்புக்காரர் லெவல் கிராஸிங் கேட்டுக்காரனிடம் ஒரு சிவப்புக் கொடியை இரவல் வாங்கி வந்து, வேலை இல்லாத நேரமெல்லாம் கொல்லையில் காவல் நின்றார். பருந்து தாழ்ந்து வந்ததும் கொடியை எடுத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். அந்தச் சமயம் செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. சிவப்புக் கொடியைப் பார்த்த டிரைவர் அடித்தார் பிரேக்கை. வண்டி கிரீச்சென்று நின்றது. பருந்து நிற்கவில்லை.

விசாரணையில் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். "கொடிய யாருக்குய்யா காட்டுன?"

"பருந்துக்குங்க சார்."

"பருந்துக்கு சிக்னல் தெரியுமா?"

"அதான் சார் பேஜாரு. தெரிஞ்சிருந்தா நின்னிருக்குமே."

மிச்சமிருந்த குஞ்சுகளில் சில கீரிக்குப் போயின. கடைசியில் நாலே நாலு தப்பின. அவைதான் நாளைக்குச் சேவலாக ஆக வேண்டியவை. பம்புக்காரர் தினமும் காலையில் நாலையும் மடியில் உட்கார வைத்துக் கொண்டை முளைக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். அத்தை ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள், நாலும் பொட்டை என்று. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் கொஞ்சம் நெட்டையாக, கொஞ்சம் திமிராக நடந்த ஒன்றைக் காட்டி, "தோ பாரு நடைய. இது சேவல்தான்" என்றார். நல்ல நாள் பார்த்து அதன் காலில் மஞ்சள் துணி கட்டி, கெடார் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, சாமிக்கு நேர்ந்து விட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! ஏழுமலைக்குக் காவல் போட்டாகிவிட்டது. எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்துச் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் முட்டை போட்டது.

"வேற எதுனா கோழி வந்து போட்டுட்டுப் போயிருக்கும்" என்றார். மறுநாளும் முட்டை இருந்தது. அதற்கு மறுநாள் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணெதிரே அது முட்டை போட்டுவிட்டுக் கொக்கரிப்பதைப் பார்த்தார். எழுந்து மஞ்சள் துணியை அவிழ்த்தார். கெடார் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. "அப்போ இத்தினி நாளும் எம் புள்ள தனியாவா இருந்தான்?" என்று என்னைக் கேட்டார். முட்டை போட்டாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான், சாமிக்குத் தெரியாதா என்று ஏதோ சொன்னேன். அவருக்கு அது போதவில்லை.

அவருக்குக் கைராசி இல்லை என்பது சந்துக்கே தெரியும். எந்தக் கை முட்டையை அடைக்கு வைக்கிறதோ அந்தக் கையின் ராசிப்படிதான் குஞ்சு என்பது அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. கடைசியில் அத்தை சொன்னாள்.

"தோ பாரு. நீ வச்சதெல்லாம் போதும். இந்த வாட்டி நான் வைக்கிறேன்."

"என் கையிக்கு இன்னா கொறச்சல்? நான் தண்ணி வுட்டாத்தான் வண்டி தனுஷ்கோடிக்கே போவுது!"

"வண்டிக்கு உன் கை. கோழிக்கு என் கை. நவுரு."

அவர் நகர்ந்தார். வெளியே போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். பார்வை பட்டால்கூடக் கெட்டுவிடுமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தை ஓர் ஆணி, ஒரு கரித்துண்டு, ஒவ்வொரு முட்டையாக வைத்துக் கோழியை உட்கார வைத்தாள். ஷண்டிங் வழக்கம்போல டமால் டமால் என்று நடந்தது.

அந்த அடையில் வந்ததுதான் சேவல். செக்கச்செவேலென்ற சேவல். சந்தேகத்துக்கு இடமில்லாத கொண்டை. கூவ ஆரம்பித்ததும் மெயிலின் விசிலோடு போட்டி போட்டுக் கூவும். அது மூங்கில் பஞ்சாரக் கூடைக்குள் இருக்கிற நேரமெல்லாம் பம்புக்காரர் அதற்குப் பக்கத்தில் இருப்பார். அது சாமியுடைய சொத்து என்பதால் அதனிடம் மரியாதை குறையாமல் பேசுவார். "வாங்க, இந்தப் பக்கம் வாங்க. வெயில்ல நிக்காதீங்க." அதே வாயால் வீட்டுக்குள் திரும்பி, "தே! சாமி சேவலுக்குத் தண்ணி வைக்கலியா?" என்பார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளுக்கு 'தே', நேற்றுப் பொரித்த கோழிக்கு 'வாங்க'வா என்று அத்தை கேட்பாள்.

"உன்ன முனீஸ்வரனுக்கு நேர்ந்து வுடலியே" என்பார்.

சண்டை முடிந்தது. பட்டாளத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பத் தொடங்கினார்கள். ஏழுமலை வரவில்லை. சேவல் கொழுகொழுவென்று ஆகிவிட்டது. பம்புக்காரர் இளைத்துக்கொண்டே போனார். யாரைப் பார்த்தாலும் "வருவான், சேவல் நின்னுகினு கீதே" என்பார். அதை அவர் சொல்லும்போது அத்தை உள்ளே எழுந்து போய்விடுவாள்.

ஒரு நாள் மல்லாட்டைக் கிழவி ஒரு சேதி கொண்டுவந்தாள். திண்டிவனத்தில் ஒரு பையன் கப்பலிலிருந்து இறங்கி வந்திருக்கிறானாம். அவனைக் கேட்டால் ஏழுமலையைப் பற்றித் தெரியலாம். மறுநாள் காலைப் பாசஞ்சரில் பம்புக்காரரும் அத்தையும் கிளம்பினார்கள். போவதற்கு முன்னால் சேவலைப் பஞ்சாரத்துக்குள் விட்டு, மேலே ஒரு கல்லை வைத்து, "சாயங்காலம் வந்துடறோம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஒற்றைத் தடம். மயிலம் ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டும். மதராஸிலிருந்து வருகிற வண்டி பக்கத்தில் வந்து நின்றது. அந்தப் பக்கத்து வண்டியில், காக்கிச் சட்டையும் ஒரு தகரப் பெட்டியுமாக ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தான். இந்த வண்டியில் அவனைப் பெற்றவர்கள் அவனைப் பற்றி விசாரிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அது பட்டாளத்து ஸ்பெஷல் அல்ல, சாதாரண வண்டி. அதனால் பம்புக்காரர் ஜன்னல்களைப் பார்க்கவில்லை.

ஏழுமலை விழுப்புரத்தில் இறங்கி நேரே பம்பு ஹவுஸுக்குப் போயிருக்கிறான். அங்கே இருந்த புது மாற்றாள், அவர்கள் திண்டிவனம் போயிருக்கிறார்கள், சாயங்காலம் வருவார்கள் என்று மட்டும் சொன்னான். வீட்டுக்கு வந்தான். சந்தில் பெண்டுகள் எல்லோரும் மல்லாட்டை பிடுங்கும் கூலிக்குப் போயிருந்தார்கள். பையன் பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. சமையல்காரன். இத்தனை வருஷமும் அவன் அண்டா கிளறிக்கொண்டிருந்தான். குண்டடி படுமோ என்று இங்கே இரண்டு பேர் தூங்காமல் கிடந்தார்கள். அவன் பட்டதெல்லாம் எண்ணெய்த் தெறிப்புதான்.

அப்பா அம்மா வருவதற்குள் தன் கையால் சமைத்து வைத்து அசத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். கொல்லையில் பார்த்தான். பஞ்சாரம். மேலே கல். உள்ளே ஒரு செக்கச்செவேலென்ற சேவல்.

நான் கூட்ஸ் ஷெட்டிலிருந்து திரும்பியபோது சந்து முழுக்கக் குழம்பு வாசனை. வேலியோரம் சிவப்பு இறகு காற்றில் பறந்துகொண்டிருந்தது. கூலிக்குப் போய் வந்த பெண்டுகள் வாயில் கை வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். உள்ளே ஏழுமலை சிரித்த முகத்தோடு அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தான். அவனிடம் யார் சொல்வது? நாங்கள் எல்லோரும் சாயங்காலப் பாசஞ்சருக்காகக் காத்திருந்தோம். ஒரு வண்டி லேட்டாக வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதலும் கடைசியும்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. இருவரும் சந்துக்குள் நுழைந்தபோது முகம் செத்துக் கிடந்தது. திண்டிவனத்துப் பையன் வேறு ஏதோ பட்டாளம், ஏழுமலையைக் கேள்விப்பட்டதுகூட இல்லையாம். அத்தையால் நடக்க முடியவில்லை. பம்புக்காரர் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அப்படி அவர் அவள் கையைப் பிடித்து நான் பார்த்ததே கிடையாது.

வாசலில் ஏழுமலை வந்து நின்றான்.

அத்தை போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பம்புக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு நேரே கொல்லைக்குப் போனார். சாமி சேவலிடம் சொல்லத்தான் போனார் என்று நினைக்கிறேன், வேண்டுதல் பலித்தது, நாளைக்கே கெடாருக்குக் கிளம்பலாம் என்று. பஞ்சாரம் காலியாகப் புரண்டு கிடந்தது.

ஏழுமலை பின்னாலேயே போனான். "இன்னா நைனா, உனக்குக் கோழி வளக்கவே தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சோக்கான சேவலா வளத்துகீற! அதான் அடிச்சு ஆக்கிப்புட்டேன். ரெண்டு பேரும் உக்காருங்க, சூடா கீது."

அத்தைக்குப் புரிந்துவிட்டது. "அடப்பாவி! அது சாமி சேவல்டா! உனக்காக நேந்து வுட்டதுடா!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். ஏழுமலையின் முகத்தில் ரத்தமே இல்லை. "தெரியாதும்மா... தூக்கி ஊத்திடட்டுமா?" என்று உள்ளே ஓடிக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

சந்து முழுவதும் பம்புக்காரரைப் பார்த்தது. அவர் புரண்டு கிடந்த பஞ்சாரத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும். முழுசாகத்தான் இருந்தான்.

"கீழ வைடா" என்றார். "இன்னாத்துக்கு ஊத்தற? உக்காரு. துன்னு."

"நைனா, சாமி..."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ துன்னு."

அவரே சட்டியை வாங்கினார். அவரே துழாவித் தொடைக் கறியை எடுத்து அவன் தட்டில் வைத்தார். தான் ஒரு துண்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குழம்பு எப்படி என்று அவன் பயந்துகொண்டே கேட்டான். "வாசமே போதும்டா" என்றார். அப்போதுதான் அழுதார். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களில் ஒருவர் கண்ணும் காயவில்லை.

அந்த வாரமே கெடாருக்குப் போய் முனீஸ்வரன் முன்னால் நின்றாராம். கூடப் போன அத்தை என்னிடம் சொன்னாள். கும்பிடக்கூட இல்லையாம். நேராக நின்று பேசினாராம். "தோ பாரு, நீ எம் புள்ளையக் குடுத்துட்ட. எம் புள்ள உன் சேவலத் துன்னுட்டான். கோவிச்சுக்காத. நீயும் புள்ள பெத்தவனா இருந்தா இதத்தான் செஞ்சிருப்ப. கொஞ்சம் டைம் குடு, இன்னொண்ணு வளத்துத் தரேன்."

திரும்பி வந்த மறுநாளே அடுத்த அடை வைத்தார். பிள்ளை வந்த சந்தோஷத்தில் அத்தையைக் கேட்காமல் தன் கையாலேயே வைத்துவிட்டார். அத்தனையும் கூமுட்டை. அடுத்ததைக் கீரி கொண்டுபோயிற்று. அதற்கடுத்ததில் குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய். நான் மாற்றலாகித் திருச்சிக்குப் போகிற வரைக்கும் முனீஸ்வரனுக்குச் சேவல் போய்ச் சேரவில்லை. ஆனால் பம்புக்காரரிடம் பழைய அவசரம் இல்லை. குஞ்சு செத்தால், "போவட்டும், அவரு நல்லவரு, காத்துக்கினு இருப்பாரு" என்று சிரித்தார். வண்டி ஏற வந்த என்னிடம், அடுத்த சேவலுக்குக் கெடாருக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்படி ஓர் அழைப்பு எனக்கு வரவே இல்லை.

பம்புக்காரர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன என்று போன மாதம்தான் ஒருவர் சொன்னார். கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. சாமியிடம் கேட்பதற்கு எனக்கென்று ஒன்றும் இல்லை. கெடார் முனீஸ்வரனிடம் ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: அந்தச் சேவலை மறந்துவிடு ஐயா, அவரைப் பார்த்தால் கொஞ்சம் உட்கார வைத்துப் பேசு.